பேசும் பேனை

பேசாலை ஊர் எடித் யார் பேச்சையும் நம்பமாட்டாள். போரில் காணாமல்போன கணவன் கிறகரி எங்கேயென்று கேட்டுக் கேட்டு, எவரிடமும் விடை கிடைக்காதவள்.

எழுத்துப் பிடிபடாத மகள் ஜெனிஸ்ராவுக்குப் பரீட்சையில் வினாத்தாளை வாசித்துக்காட்டப் பள்ளிக்கூடத்தில் பேசும் பேனை கொடுத்ததும், ரீச்சரிடம் சண்டைக்குப் போனாள்.

"இது விடையையும் சொல்லும். பிறகு என்ர பிள்ளையைத்தான் கள்ளி எண்டுவினம்."

"இல்லையக்கா, தாளில இருக்கிறதை மட்டும்தான் வாசிக்கும். நீங்களே எழுத்துக்கு மேல வைச்சு இழுத்துப் பாருங்கோ."

எடித்துக்கும் வாசிக்கத் தெரியாது. மீள்குடியேறிய வருடம், வீட்டுத்திட்டத்துக்கு என்று சொல்லி எவனோ கைநாட்டு வாங்கிய படிவத்தின் பிரதி அவள் கைப்பையில் இருந்தது. அதன்மேல் பேனையை இழுத்தாள்.

"எனது கணவர் கிறகரி இறந்துவிட்டார் என்பதை ஏற்றுக்கொள்கிறேன்" என்று பேனை வாசித்தது.

எடித் பேனையை மேசையில் வைத்தாள்.

"நான் சொன்னனான்தானே ரீச்சர், இது விடையும் சொல்லுமெண்டு."