பொருந்தாத கையொப்பம்

கையொப்பம் மாதிரியோடு பொருந்தாவிட்டால் தாளைத் திருப்பி அனுப்ப வேண்டும். கொடுத்தவர் தெரிந்தவர் என்பது விலக்கு ஆகாது. கருவூலத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் இந்த விதியைக் கடைப்பிடித்தேன். பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் என்னிடம் சம்பளப் பட்டியல் திரும்பப் பெறாத தலைமையாசிரியர்கள் குறைவு. எனக்கு மட்டும் யாரும் இந்த விதியைக் காட்டவில்லை. மரியாதையாம். அந்த மரியாதையில் ஒரு வருடம் போயிற்று.

சகோதர சகோதரிகளே, அந்த வருடம் என் வீட்டில் சமாதானம் இல்லை. என் முகம் கல்லாகியிருந்தது, எனக்கே தெரியாது. பேத்தி தேர்வில் முதலாவதாக வந்த செய்திக்கும் நான் சிரிக்கவில்லையாம். சிரித்ததாகத்தான் நினைத்திருந்தேன்.

என் மனைவி சுகந்தி அதைக் கோபம் என்றாள். ஆலயத்தில் பெருமை என்றார்கள். அறிவிப்பு வாசித்தால் பின்வரிசையிலிருந்து, "சார், ஒண்ணும் கேக்கலைங்க" என்பார்கள். அவர்களுக்குக் காது மந்தம் என்று தீர்மானித்தேன். வலது தோள் இறுகியது; எண்ணெய் தேய்த்தேன். மீன் வறுக்கும் வாசனை வரவில்லை. மீன் சரியில்லை என்றேன். ஒவ்வொன்றுக்கும் தனிக் கோப்பு. சேர்த்து வைத்துப் பார்க்கவில்லை.

பிப்ரவரியில் ஒரு காலை சுகந்தி பையை எடுத்தாள்.

"ஏங்க, பாலக்கோட்டுல பொண்ணு வூட்டுக்குப் போறேன். எம்மேல என்ன கோவம்னு சொன்னா இருந்துக்கறேன்."

"கோவமே இல்ல."

"அதச் சொல்றப்பவே மூஞ்சியப் பாருங்க, ஜப்தி பண்ண வந்த ஆளாட்டம்."

போய்விட்டாள். முழங்காலில் நின்றேன். என் ஜெபங்கள் மனு மாதிரி இருக்கும்: பொருள், விவரம், கோரிக்கை. அன்று ஒரே வரி. "ஆண்டவரே, என்னிடம் என்ன பிழை என்று காரணத்தோடு தெரிவியும்." அழுகை வந்தது. முகம் அதற்கும் அசையவில்லை.

அடுத்த மாதம் ஓய்வூதியர் நேர்காணலுக்குப் பழைய அலுவலகம் போனேன். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் என் தாளைப் பார்த்தாள்.

"அய்யா, கையெழுத்து பொருந்தலைங்க."

பக்கத்து மேசையில் என்னிடம் வேலை பழகியவர் பதறினார். "ஏம்மா, சார் யாருன்னு தெரியுமா? இங்க சூப்பிரண்டா இருந்தவரு."

"யாரா இருந்தா என்னங்க? பொருந்தலையே."

மனத்துக்குள் அவளுக்கு நற்சான்று எழுதினேன். மறுபடி கையெழுத்துப் போட்டேன், மூன்று முறை. ஒவ்வொன்றும் முந்தியதைவிடச் சிறிதாக வந்தது. கடைசி எழுத்துகள் எறும்பு போல இருந்தன.

அவள் குரலைத் தாழ்த்தினாள். "எங்கப்பாவுக்கும் எழுத்து இப்படித்தாங்க சுருங்குச்சு. நீங்க உள்ள வர்றப்ப வலது கையே வீசலைங்க. நரம்பு டாக்டரப் பாத்துருங்க."

தர்மபுரியில் நரம்பியல் மருத்துவர் என்னை நடக்கவைத்தார். விரல்களைத் தட்டச் சொன்னார். வாசனை தெரிகிறதா என்று கேட்டார். பார்க்கின்சன் நோய் என்றார். ஆட்சேபம் எழுப்புவது என் பழக்கம். "கை நடுங்கவே இல்லையே, டாக்டர்?"

"எல்லாருக்கும் நடுங்காதுங்க. முகம்கூட இறுகிப்போகும். வூட்ல கோவக்காரர்னு சொல்லியிருப்பாங்களே?"

வெளியே வந்ததும் சுகந்திக்குப் போன் செய்தேன். மாலைப் பேருந்திலேயே வந்துவிட்டாள்.

"அப்ப எம்மேல கோவம் இல்லீங்களா?"

"இல்ல. மூளையில ஏதோ சுரக்கறது கொறஞ்சுபோச்சாம்."

"ஒரு வருசமா அதுகூடவா நான் சண்ட போட்டேன்?"

நோய் போகவில்லை. வாசனையும் திரும்பவில்லை. இந்த நோயோடுதான் இனி நடக்க வேண்டும். ஆனால் காரணம் கேட்டேன். கர்த்தர் காரணம் கொடுத்தார். பலர் தரும் மரியாதையைவிட ஒருவர் சொல்லும் குறை நல்லது என்று இந்த வயதில் கற்றுக்கொண்டேன். "என் முகத்தை நம்பாதீர்கள், என்னைக் கேளுங்கள்" என்று ஆலயத்தில் சொல்லிவிட்டேன்.

உங்கள் வீட்டில் யாருக்காவது எழுத்து சுருங்கினால், நடையில் ஒரு கை வீசாவிட்டால், முகம் இறுகிப்போனால், மரியாதை பார்த்துச் சும்மா இருக்காதீர்கள். திடீரென்று வாய் கோணி, ஒரு கை தளர்ந்து, பேச்சு குழறினால் அது வேறு, பக்கவாதமாக இருக்கலாம்; முதலில் ஆம்புலன்ஸை அழையுங்கள். ஜெபக்குழுவுக்கு வண்டியில் ஏறிய பிறகு சொல்லலாம். கர்த்தரை நம்பிக் கேளுங்கள். எந்த மேசையிலிருந்து பதில் வர வேண்டும் என்பதை மட்டும் அவரிடம் விட்டுவிடுங்கள்.

பாலக்கோட்டில் இருந்தபோது சுகந்தியும் ஒரு ஜெபம் செய்திருக்கிறாள்: நான் ஒரு தடவை சிரிக்க வேண்டும் என்று. மாத்திரை தொடங்கிச் சில மாதம் கழித்து ஒரு காலை, நான் வாங்கி வந்த தக்காளியில் பாதி அழுகல் என்று திட்டிக்கொண்டிருந்தவள், சட்டென நிறுத்தினாள்.

"ஏங்க, சிரிக்கிறீங்க."

அன்று ஜூலை 9, புதன்கிழமை.