திரையில் ஏறிய பெயர்

நேற்று ஜெராக்ஸ் கடையில் சூடாக வெளிவந்த காகிதத்தின் மணம், வண்ணார்பேட்டை மாடியொன்றில் இருந்த குளிர்ந்த அறையை நினைவில் கொண்டுவந்தது. அந்த அறை இப்போது செல்போன் கடை. அங்கே அம்மா வாக்காளர் பட்டியலைக் கணினியில் ஏற்றும் வேலை பார்த்தாள். பள்ளி விட்டதும் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு அவள் பக்கத்தில் போய் உட்காருவேன். ஒரு அக்கா பெயர்களை ராகம் போட்டு வாசிக்க, அம்மாவின் விரல்கள் தடதடவென்று ஓட, நான் பார்த்தேயிராத ஊர்களெல்லாம் தெருத்தெருவாகத் திரையில் ஏறிக்கொண்டிருக்கும்.

ஒருநாள் ஆழ்வார்திருநகரிப் பட்டியலில் "குழைக்காதுவல்லி" என்று வாசித்ததும் அந்த விரல்கள் நின்றுவிட்டன. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக் கட்டிக்கொடுக்கப்பட்ட, அம்மாவின் தோழியின் பெயர் அது.

"அவங்கதானாம்மா?" என்று கேட்டேன்.

"போய்ப் பாத்தாத்தான் தெரியும்."

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி, பட்டியலில் இருந்த வீட்டைத் தேடிப் போய்க் கதவைத் தட்டினோம். கதவைத் திறந்தவள் அம்மாவையே வெகுநேரம் பார்த்தாள்.

"ஏட்டி, எப்படிட்டி கண்டுபிடிச்ச?"

"உன் பேரை நான்தான கம்ப்யூட்டர்ல அடிச்சேன்."

"முழுப் பேருமா இருக்கு?" என்று கேட்டாள் அவள். "இங்கன எல்லாரும் என்னை வல்லின்னுதான் கூப்பிடுதாவ."

"ஒரு எழுத்து விடலட்டி" என்றாள் அம்மா.

அவள் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்து, எங்களை உள்ளே கூட்டிப்போனாள்.