கிரேக்க வெள்ளிக்காசும் நான் வெட்டிய எட்டும்

சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் லாரிகளை எடை போட்டுச் சீட்டு எழுதுகிறவளுக்கு, பழைய கிரேக்கக் காசுகளின் எடைமேல் ஏன் இந்தப் பைத்தியம் என்று கேட்காதவர் இல்லை. முனைவர் பட்டம் வந்தால் கல்லூரியில் வேலை கிடைக்கும். இந்தத் துருத்தூசியிலிருந்து விடுதலை. வேறென்ன? ஏழு வருஷம் அதற்காகத்தான் மாடாய் உழைத்தேன்.

எல்லாம் ஒரே நகரத்தின் வெள்ளிக்காசுகள். ஒரு போருக்கு முந்தியவற்றின் எடை, வெள்ளைக்காரர் போட்ட பழைய பட்டியலில் கிரெயின் கணக்கில் இருந்தது. ஒரு கிரெயின் என்றால் ஏறக்குறைய மூன்று அரிசியின் எடை. போருக்குப் பிந்தியவை புதிய பட்டியலில், கிராமிலேயே இருந்தன. பழையதை நான் கிராமாக மாற்றினேன். பார்த்தால், பிந்திய காசு ஒவ்வொன்றும் ஐம்பது சொச்சம் மில்லிகிராம் கூடுதல்! ஜெயித்த தெம்பில் அந்த நகரம் காசின் எடையை ஏற்றிவிட்டது என்று இருநூறு பக்கம் எழுதினேன். இதுவரை யாரும் சொல்லாதது. தலைகால் புரியாத சந்தோஷம் எனக்கு.

ஆய்வேட்டைக் கொடுக்க அதுதான் கடைசி வாரம். இனி அவகாசமே கிடையாது என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள். அதற்கு முன் துறையில் ஒரு கூட்டம், நன்றாகத்தான் போனது. முடிகிற நேரத்தில் ஒரு பேராசிரியர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"பழைய காசோட அறுபத்தேழரை கிரெயினை எதால பெருக்கினீங்கம்மா?"

"பூஜ்யம் புள்ளி பூஜ்யம் ஆறு நாலு, சார்."

"அடுத்து ஒரு எட்டு இருக்குமே?"

இருந்தது. எங்கள் எடைமேடையில் பத்துக்குக் கீழே வருகிற கிலோவை மண், துரு என்று வெட்டிவிட்டுத்தான் சீட்டு எழுதுவோம். பதினைந்து வருஷமாய் என் கைக்கு அதுதான் பழக்கம். அந்த எட்டையும் வெட்டியிருக்கிறது, பாழாய்ப்போன கை! அவர் கைப்பேசியில் எட்டைச் சேர்த்துப் பெருக்கிக் காட்டினார். போருக்கு முன்னும் பின்னும் ஒரே எடை. யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

ஹார்பரில் கிரேன் ஓட்டுகிற என் வீட்டுக்காரர், லீவு போட்டுவிட்டு வந்து வெளியே காத்திருந்தார். திருவொற்றியூருக்குத் திரும்புகிற ரயிலில்தான் அவரிடம் சொன்னேன்.

"அம்பது மில்லியா? அத்தப் போயி எவன் பாக்கப் போறான்? இதுக்கா மே பேஜாராவுற? நம்பர மாத்திக் குடுத்தா மேட்டரு முடிஞ்சிது."

"நம்பர மாத்தினா புக்கே கெடையாதுய்யா. எட ஏறிச்சின்னு சொல்றதுதான் புக்கே."

அவர் என் மடியிலிருந்த ஆய்வேட்டுக் கட்டைப் பார்த்தார்.

"அப்போ அந்த ஊர்ல இன்னாதான் நடந்துச்சி?"

"ஒன்னுமே நடக்கல."

"இத்தினி வருசமா நீ எய்திக்கினு இருந்தது?"

"அதான் சொல்றேனே, ஒன்னுமே நடக்கலய்யா!" கத்திவிட்டேன். எதிர் சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் அந்தக் கட்டை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"நாளிக்கி டூட்டிக்குப் போறியா மே?" என்று மெதுவாகக் கேட்டார்.

"போவாம?" என்றேன்.