நடைபாதையில் நட்ட சாமி

சூரமங்கலத்தில் என் டயர் கடை வாசலில் நீ கும்பிட்டுவிட்டுப் போகிறாயே, அது அம்மன் இல்லை. எங்கள் வீட்டில் உடைந்துபோன ஆட்டுக்கல்லின் குழவி. நட்டவன் நான்!

நடைபாதையை மறித்துப் பழைய டயர்களை அடுக்கியிருந்தேன். எடுக்காவிட்டால் அள்ளிக்கொண்டு போவோம் என்று அதிகாரி ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு ஆத்திரம். ஊரெல்லாம் மறித்துக் கிடக்க, என் டயர்தான் கண்ணை உறுத்துகிறதா? ஒரு சாண் குழி தோண்டிக் குழவியை நட்டேன். மஞ்சள் பூசிச் சிவப்புத் துணி சுற்றி, டயர்களை அதன் பின்னால் ஒட்டி அடுக்கினேன். அள்ள வந்தவர்கள் செருப்பைக் கழற்றிக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிப் போனார்கள். அன்றைக்கு எப்படிச் சிரித்தேன் தெரியுமா…

பக்கத்துத் தெருத் தையல்காரர் முருகேசன் கைத்தடி ஊன்றி நடப்பவர். ஒரு நாள் என் கடை முன்னால் நடைபாதையில் வழியில்லாமல் சாலையில் இறங்கினார். டவுன் பஸ் மோதிவிட்டது. இடுப்புக்குக் கீழே அசைவில்லை. இன்றுவரை படுக்கைதான்.

அன்றே டயர்களை உள்ளே இழுத்துப் போட்டேன். என்ன பயன்? காலியான இடத்தில் ஒருவரும் கால் வைப்பதில்லை. சாமி இடமாம்! நீயும் சாலையில் இறங்கிச் சுற்றித்தானே போகிறாய்?

ஒரு விடியற்காலை கடப்பாரையால் நெம்பிப் பார்த்தேன். ஒரு சாண் ஆழத்தில் நட்ட கல்… தோண்டத் தோண்டக் கல்லாகவே போய்க்கொண்டிருந்தது. அடி தட்டுப்படவே இல்லை. தொட்டேன். காய்ச்சல்காரன் நெற்றிபோலச் சுட்டது. மண்ணைத் தள்ளி மூடிவிட்டு ஓடி வந்தேன். என் மனப்பிரமையா? தெரியவில்லை.

முருகேசனின் மனைவி செல்வி தினமும் மாலையில் விளக்கு வைக்க வருகிறாள். புருஷன் எழுந்து நடக்க வேண்டுமாம். நேற்று எனக்குத் தாங்கவில்லை.

"அக்கா, இது சாமி இல்லீங்க. எங்க ஊட்டுக் குழவிக்கல்லுங்க. நாந்தானுங்க நட்டேன்."

அவள் திரியைத் தூண்டிவிட்டாள். என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"நீங்க நட்டீங்க, சரிங்க தம்பி. உங்கள நட வெச்சது ஆருங்க?"

டயருக்காக நட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். உங்கள் புருஷன் காலை வாங்கியது அதுதான் என்று சொல்லியிருக்க வேண்டும். கல்லின் சூடு மட்டும் என் கணுக்காலில் அடித்துக்கொண்டிருந்தது.

கும்பிட்டுவிட்டு, சாமி இடத்தை மிதிக்காமல், செல்வி சாலையில் இறங்கினாள். பின்னால் டவுன் பஸ் வந்தது. நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். ஹாரன் சத்தம் ஓய்ந்த பிறகுதான் திறந்தேன்.

போய்க்கொண்டிருந்தாள். இன்றைக்கும் வருவாள்.