நன்றி மட்டும் சொன்ன லிஃப்ட் மெக்கானிக்

“ஆண்டவர்கிட்ட நான் இதுவரைக்கும் எதையும் கேட்டதில்ல. இனிமேலும் கேக்க மாட்டேன். நன்றி சொல்றதோட சரி.”

வீட்டு ஜெபக் கூட்டத்தில் என் அத்தான் இப்படி அறிவித்தபோது பாதிப் பேர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார்கள். பாவம், மூட்டுவலி தீர வேண்டும், மருமகளுக்கு நல்ல புத்தி வர வேண்டும் என்று வாரம் தவறாமல் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் அவர்கள். நான் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அத்தானின் ஆன்மிகத்தில் எனக்கும் பங்கிருப்பதாக ஒரு நினைப்பு.

அத்தான் லிஃப்ட் மெக்கானிக். நான் அவருடைய தொழில் கூட்டாளி. விசிட்டிங் கார்டில் அப்படித்தான் போட்டிருக்கிறது. நடைமுறையில், அவர் வேலை செய்வார், நான் டார்ச் அடிப்பேன். அவர் ஜெபம் செய்தால் நான் ஆமென் சொல்வேன். இரண்டிலும் எனக்கு நல்ல பெயர்.

அவருடைய நன்றிகளில் ஒரு சூட்சுமம் இருந்தது. “ஆண்டவரே, நாளைக்கு மழை பெய்யாம இருக்கப்போறதுக்காக நன்றி. அந்தப் புதுக் கட்டட வேலை நமக்கே வரப்போறதுக்காக நன்றி” என்று நீளும்.

“இது கேக்கறதுல சேராதாங்க?” என்றாள் அக்கா, தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல்.

“சேராது. இதுக்குப் பேரு விசுவாசம்.”

“கடைக்காரர் முன்னாடி பையை விரிச்சுப் பிடிச்சுக்கிட்டு, நான் ஒண்ணும் கேக்கலையேன்னு நிக்கிற மாதிரி இருக்கு.”

நான் சிரித்துவிட்டேன். பிறகு கூட்டாளி என்ற ஞாபகம் வந்து இருமினேன்.

மனிதர்களிடமும் அவர் எதையும் கேட்பதில்லை. வழி தெரியாத ஊரில் வழி கேட்க மாட்டார். ஆகவே நாங்கள் பல ஊர்களை முழுமையாகச் சுற்றிப் பார்த்திருக்கிறோம். மருத்துவமனை லிஃப்ட்டின் மோட்டார் அறைக்கு மாற்றுச் சாவி ஒன்று கொடுங்கள் என்று அங்கிருந்த எலக்ட்ரீஷியன் கெஞ்சியபோதும் மறுத்துவிட்டார். “என் மெஷின்ல இன்னொருத்தர் கை படக் கூடாது. ஏதாவதுன்னா நானே வருவேன்.” அந்த ஒற்றைச் சாவி, ‘நன்றி’ என்று பொறித்த உள்ளங்கையகலமும் நல்ல தடிமனும் கொண்ட பித்தளை வில்லையோடு அவர் சட்டைப்பையைத் தொங்கவிட்டுக்கொண்டிருக்கும்.

ஒருநாள் காலையில் அக்காவின் கண்ணுக்குள் கறுப்பாக ஏதோ இறங்கியது. அதே மருத்துவமனைக்கு ஓடினோம். விழித்திரை கிழிந்திருக்கிறது, இன்றே அறுவை செய்யாவிட்டால் பார்வை போய்விடும் என்றார்கள். இன்னொரு கண் சிறு வயதிலிருந்தே மங்கல். இருந்ததே அந்த ஒரு கண்தான். வெளியூரிலிருந்து வந்திருந்த டாக்டர் மதியம் கிளம்பிவிடுவார்.

அக்காவைச் சக்கர நாற்காலியில் வைத்து, மூன்றாவது மாடி அறுவை அறைக்குப் போக லிஃப்டில் ஏற்றினோம். இரண்டாவது மாடியைத் தாண்டியதும் லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது.

“மேல மோட்டார் அறையில ரீசெட் பண்ணணும். வேற வழியே இல்ல,” என்றார் அத்தான், வகுப்பெடுக்கும் குரலில்.

மூன்றாவது மாடிக் கதவுக்கு வெளியே எலக்ட்ரீஷியனின் குரல் கேட்டது. “அண்ணே, நீங்களா உள்ள? நல்லதாப் போச்சு. சாவி எங்கண்ணே?”

அத்தான் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். ஊரிலேயே பெரிய லிஃப்ட் நிபுணர்களான நாங்கள் இருவரும், இருக்கிற ஒரே சாவியும், லிஃப்டுக்குள் பத்திரமாக இருந்தோம்.

“எங்கிட்டதான் இருக்கு,” என்றார், கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல.

வெளியே நின்ற எலக்ட்ரீஷியன் சிரிக்காமல் இருந்ததற்கு நான் இன்றும் கடன்பட்டிருக்கிறேன்.

உள்கதவை நெம்பித் திறந்தோம். எதிரே சுவர். உச்சியில், மூன்றாவது மாடிக் கதவின் அடியில் மெல்லிய இடுக்கு. அத்தான் என் தோள்மேல் ஏறினார். தொழிலில் டார்ச்சுக்கு அடுத்தபடியாக எனக்குக் கிடைத்த பதவி உயர்வு அது. சாவியை நுழைத்தார். வில்லை தடுத்தது. திருப்பினார், சாய்த்தார், அழுத்தினார்.

“நன்றியைக் கழட்டுங்க அத்தான், தோள் போகுது.”

கழற்றி அக்காவின் மடியில் போட்டார். சாவி மட்டும் நுழைந்து போனது.

“தம்பி,” என்றார் இடுக்கில் வாயை வைத்து. எலக்ட்ரீஷியனை அவர் அப்படி அழைத்து நான் கேட்டதே இல்லை. “சிவப்பு பட்டனை அழுத்தி விடுங்க. கொஞ்சம் சீக்கிரமா... தயவுசெஞ்சு.”

காத்திருந்தபோது வழக்கம்போல ஆரம்பித்தார். “ஆண்டவரே, இவளுக்குக் கண்ணு நல்லாயிடப் போறதுக்காக...”

அதற்குமேல் வரவில்லை. அக்கா தடவிப் பார்த்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். “விடுங்க. அவருக்குத் தெரியும்.”

லிஃப்ட் அசைந்து ஏறியது. தளத்தில் எலக்ட்ரீஷியன் திரட்டி வைத்திருந்த ஆட்கள் நாற்காலியை வாங்கிக்கொண்டு ஓடினார்கள். அறுவை அறை வாசலில் நர்ஸ், உலோகம் எதுவும் உள்ளே வரக் கூடாது என்று வளையல்களோடு அந்த வில்லையையும் எங்களிடம் நீட்டினாள். கதவு மூடியது.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். அத்தான் வில்லையைக் கவிழ்த்து, எழுத்து தெரியாமல் உள்ளங்கையில் மூடிக்கொண்டார். நான் பக்கத்திலேயே இருப்பதை மறந்துவிட்டார் போலும்.

“ஆண்டவரே, அவ கண்ணைக் குடுங்க,” என்றார் மெதுவாக. கொஞ்சம் பொறுத்து மறுபடியும், “குடுங்க.”

நான் ஆமென் சொல்லவில்லை. என் பங்குக்கு நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.