எல்லாம் ஸ்ட்ரோக் செய்த வேலை

டெல்லி கரோல் பாக் வீட்டுக்கு யார் வந்தாலும், அழகர்சாமி முதலில் தண்ணீர்ச் சொம்பை இடது கையால் தூக்கிக் காட்டுவார். கூரியர் கொண்டுவருகிறவருக்கும் விலக்கு இல்லை. "தேக்கோ பையா, பாரு தம்பி, ரெண்டு வருசத்துக்கு முன்னால இது செத்த கை." கூரியர்க்காரருக்குத் தமிழ் தெரியாது. சொம்பு தளும்பாமல் மேலே போவதைப் பார்த்து, "அச்சா, அங்கிள்ஜி" என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு இறங்கிவிடுவார்.

வயது எழுபத்தொன்று. மதுரைக்காரர், மத்திய அரசு அலுவலகத்தில் கோப்புகளோடு மல்லுக்கட்டி ஓய்வு பெற்றவர். ஸ்ட்ரோக் வந்த கதையைப் போருக்குப் போய்வந்தவர் மாதிரி சொல்வார். "வாய் கோணுச்சு. அரை மணி நேரத்துல ஆஸ்பத்திரியில இருக்கம்ல. டாக்டரே அசந்துட்டாரு." உண்மையில் அன்று அசந்து கிடந்தவர் இவர்தான். ஓடிப்போய் ஆட்டோ பிடித்தவர் மனைவி ஜெயலட்சுமி.

அன்றிலிருந்து வீட்டில் எது தப்பினாலும் ஸ்ட்ரோக்தான் பொறுப்பு. சாம்பாரில் இரண்டு தடவை உப்பு விழுந்தால் ஸ்ட்ரோக். மகள் பிரியதர்ஷினியைத் தன் தங்கை பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஸ்ட்ரோக். கல்யாண நாளை மறந்ததற்கும் அதையே சொன்னபோது, "அதுக்கு முந்தி முப்பத்தெட்டு வருசம் எதுனால மறந்தீங்க?" என்று கேட்டார் ஜெயலட்சுமி.

"அது ஆபீஸ் வேல."

போன மாதம் காபித்தூள் வாங்கப் போனவர் இரண்டு மணி நேரமாகியும் திரும்பவில்லை. முப்பது வருடமாக நடந்த தெரு. நாலு சந்து தள்ளி, ஒரு வளையல் கடை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவரை ஜெயலட்சுமி தேடிப் பிடித்தார். "கால் வலிச்சுச்சு, உக்காந்தேன்." கையில் காபித்தூள் இல்லை. ஒரு டஜன் வளையல் இருந்தது.

அதன் பிறகு இருவரும் போய்ப் பார்த்த மூளை நரம்பு டாக்டர் ஸ்ரீதர் டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த தமிழர்; பேச்சில் இந்தி கலக்கும். "மறதி எப்பலேர்ந்து, அங்கிள்?"

"ஸ்ட்ரோக்குக்கு அப்பறந்தான்." அழகர்சாமி பதிலைத் தயாராகவே வைத்திருந்தார்.

ஜெயலட்சுமி புடவைத் தலைப்பைத் திருகினார். "இல்ல டாக்டர். அதுக்கு ஒரு வருசம் முன்னாலயே. மெட்ரோவ விட்டு எறங்கி, வீட்டுக்கு எப்படி வர்றதுன்னு எனக்கு போன் பண்ணுவாரு. நான்தான் யார்ட்டயும் சொல்லல."

டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். "ஸ்ட்ரோக் வேற, அல்சைமர் வேற. லேகின் ஒரே மூளைல ரெண்டும் இருக்கலாம். மறதி நோய் உள்ள மெதுவா ஆரம்பிச்சிருக்கணும். ஸ்ட்ரோக் வந்ததும் மூளையோட தாங்கற சக்தி குறைஞ்சுது, அது ஜல்தி வெளிய தெரிஞ்சிடுச்சு. இன்னொரு ஸ்ட்ரோக் வரவே கூடாது. பிரஷர் மாத்திரைய ஒருநாள்கூட விடாதீங்க."

இத்தனை நாள் பழி சுமந்த ஸ்ட்ரோக் பாதி நிரபராதி என்று தெரிந்ததில் அழகர்சாமி ஆடிப்போனார். அதைவிட, இவள் மூன்று வருடமாக வாய் திறக்காமல் இருந்தது உறைத்தது. திரும்பும்போது மெட்ரோவில், ராஜீவ் சௌக் தாண்டியதும் மனைவி பக்கம் திரும்பினார்.

"முன்னாடியே தெரியுமா ஒனக்கு?"

"தெரியும்."

"திட்டியிருக்கலாம்ல."

"திட்டத்தான் செஞ்சேன். நீங்க மறந்துட்டீங்க."

எதிர் சீட்டுக்காரர் நிமிர்ந்து பார்க்கும்படி அழகர்சாமி சிரித்துவிட்டார்.

மறுநாள் காலை, இஸ்திரி போட்ட மூன்று சட்டைகளோடு மனைவி முன் வந்து நின்றார். மூன்றிலும் பைகளை உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பியிருந்தார். கூடவே வெள்ளைத் துணித் துண்டுகள் மூன்று. ஒவ்வொன்றிலும் ஜெயலட்சுமியின் பெயரும் போன் நம்பரும், அடித்தல் திருத்தல் இல்லாமல். கண்ணாடியை மூக்கில் ஏற்றி, நூலை அவரே கோத்து, ஊசியை நீட்டினார்.