எந்த வீட்டுப் பிள்ளை

மனைவி அயர்லாந்தில் நர்ஸ். பிள்ளைகள் இருவரும் படிப்புக்காக அவளோடு போய்விட்டார்கள். குலசேகரத்தில் இருக்கும் ரப்பர் கடையையும் புதிதாகக் கட்டிய மாடி வீட்டையும் பார்க்க ஆள் வேண்டுமே என்று நான் தங்கிவிட்டேன். யாரும் கட்டாயப்படுத்தவில்லை, நானே எடுத்த முடிவு. இரண்டாவது வருடத்தில் அந்த வீட்டுக்குள் போகவே எனக்குப் பிடிக்காமல் ஆகிவிட்டது. கடையை அடைத்துவிட்டு வந்து, கேட்டுக்கு முன்னால் காரை நிறுத்தி, அப்படியே உட்கார்ந்திருப்பேன். பசிக்கும். ஆனாலும் இறங்க மனம் வராது.

ஊரில் சொன்னால் யார் நம்புவார்கள்? "ஒனக்கு என்ன கொறை மக்கா? பொண்டாட்டி வெளிநாட்டுல, பிள்ளைய ரெண்டும் படிக்குது, வீடு கிடக்குது அரண்மன மாதிரி" என்பார்கள். சபையில் நெருக்கமான ஒருவரிடம் மட்டும் மனசு சரியில்லை என்று வாயை விட்டேன். அந்த வாரமே வீட்டு ஜெபக்கூட்டத்தில், சோர்ந்துபோயிருக்கும் ஒரு சகோதரனுக்காக உருக்கமாக ஜெபித்தார்கள். பெயர் சொல்லவில்லைதான். ஆனால் பாதிப் பேர் ஒரு கண்ணைத் திறந்து என்னைத்தான் பார்த்தார்கள். நல்ல மனசோடு செய்தது, தெரியும். என் எரிச்சல்தான் அடங்கவில்லை.

கேட்டதை வெளியே சொன்னால் தன் பிழைப்பே போய்விடும் என்று பயப்படுகிற ஆள்தான் எனக்கு வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். பிரஷர் பார்க்கும் குழித்துறை டாக்டர், "திருவனந்தபுரத்துக்குப் போங்க. போர்டைப் பாத்து ஏறிராதீங்க. சைக்காலஜிஸ்டுன்னா அரசாங்கப் பதிவு உண்டுமான்னு கேளுங்க" என்றார்.

அப்படிச் சொல்லியும் முதலில் போர்டைப் பார்த்துத்தான் ஏறினேன். அங்கே இருந்தவர் என் தலையில் கை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். பதிவு நம்பர் கேட்டேன். தன் வாட்ஸ்அப் நம்பரைக் கொடுத்தார். மரியாதையாக வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

அடுத்தவர் உண்மையாகவே பதிவு பெற்றவர், மலையாளி, பொறுமைசாலி. என் மலையாளம் மோசமில்லை. ரப்பர் ஷீட்டுக்கு விலை பேசுவேன், சண்டைகூடப் பிடிப்பேன். ஆனால் என் கதையை அதில் சொன்னபோது பக்கத்து வீட்டுக்காரனைப் பற்றிப் புகார் சொல்வது மாதிரி இருந்தது. அவருக்கே புரிந்துவிட்டது. தமிழ் பேசுகிற இன்னொருவர் இதே நகரத்தில் இருப்பதாகச் சொல்லி, அவரே போனில் நேரமும் வாங்கிக் கொடுத்தார்.

மறு வாரம் அங்கே போனேன். முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும் ஒரு பெண். பதிவுச் சான்றிதழ் சுவரில் தொங்கியது. நான் உட்கார்ந்ததும், "வெள்ளம் குடிக்கியளா சார்?" என்று டம்ளரை நீட்டினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் ஊர்ப் பேச்சேதான்.

எங்கள் மாவட்டத்துக்காரர்கள் இரண்டு பேர் வெளியூரில் சந்தித்தால் முதல் வேலை ஒன்றுதான். எந்த ஊர், எந்தச் சபை, அப்பாவுக்கு என்ன வேலை, அம்மா எந்தக் குடும்பம் என்று தோண்டித் தோண்டி, எங்கேயாவது பொதுவாக ஒரு மச்சான் அகப்படும்வரை விடமாட்டோம். நானும் ஆரம்பித்தேன்.

"பேச்சப் பாத்தா சிதறால் பக்கமா? எந்த வீட்டுப் பிள்ளை நீங்க?"

"அது வேண்டாம் சார்" என்றார் அவர். "நான் யாருன்னு தெரிஞ்சா, சொல்ல வந்தத விட்டுட்டு, அந்த வீட்டுப் பிள்ளைகிட்டச் சொல்லக்கூடியத மட்டும்தான் சொல்லுவிய."

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வயதில் ஊர்க்காரர் ஒருவர் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருந்து நான் பார்த்ததில்லை. என்ன திமிர் என்றுகூடத் தோன்றியது. எழுந்து போய்விடலாமா என்று கதவைப் பார்த்தேன். வெளியே போனால் ரயில், பிறகு கார், பிறகு அந்த கேட்.

எழுந்திருக்கவில்லை. காரில் உட்கார்ந்திருப்பதைச் சொன்னேன். சோறு வைத்துவிட்டுச் சாப்பிடாமல் கொட்டுவதைச் சொன்னேன். எங்கள் ஊர்த் தமிழிலேயே சொன்னேன். அவர் இடையில் "அச்சோ" என்றுகூடச் சொல்லவில்லை.

கடைசியில், "உங்க மனைவிகிட்டச் சொன்னியளா?" என்றார்.

"சொன்னா வேலைய விட்டுட்டு வந்துருவா."

"வந்தா?"

வீட்டுக் கடன், பிள்ளைகளின் படிப்பு, அவள் கஷ்டப்பட்டுப் பிடித்த வேலை. எல்லோருக்கும் சொல்லிப் பழகிய பதில்கள். அதில் ஒன்றைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"வரட்டும்" என்றேன். "அவ வரணும்."

சொல்லிவிட்டு அழுதேன். தினமும் போனில் பேசுகிறோம், அவளும் நானும். மழை, ஷீட் விலை, பிள்ளைகளின் பரீட்சை, எதுவும் பாக்கியில்லை. வா என்று மட்டும் நான் அவளை ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை.